ஒரு கோழி அடுப்பு

அடுப்பு விற்கிறவனுக்கு ஊரில் எந்த வீட்டின் முன்வாசலும் தெரியாது, பின்வாசல்தான் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் மரக்காணத்தில், பஸ் ஸ்டாண்டிலிருந்து உப்பளத்துக்குப் போகிற பாதையில், எனக்கு ஒரு கரி அடுப்புக் கடை இருந்தது. கேஸுக்கு எழுதி வைத்தவர்கள் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்த காலம் அது. ரேஷன் மண்ணெண்ணெய் வந்த வேகத்தில் தீர்ந்துபோகும். வேலிகாத்தான் முள்மரக் கரிக்கு மட்டும் எங்கள் பக்கம் பஞ்சமே கிடையாது. ஆகவே ஊரில் பாதிப் பேர் கொல்லைப்புறத்தில் ஒரு கரி அடுப்பு வைத்திருந்தார்கள். மீதிப் பேர் என் கடைக்கு வந்து, எல்லா அடுப்பையும் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, விவரமெல்லாம் கேட்டுக்கொண்டு, "அப்புறம் வர்றேன்" என்று போனார்கள். கடை வைத்து நொந்த அன்பர்களே, இந்த இரண்டாவது வகையை உங்களுக்கு நான் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை.

தகரத்தை வெட்டி வளைத்து, உள்ளே களிமண் பூசி, கம்பி வைத்து அடுப்பு செய்கிறவன் ஏழுமலை. என் மனைவியின் தம்பி. அடுப்பை விற்கிறவன் நான். ஏழுமலையின் வாய்க்குப் பயந்து வாடிக்கையாளர் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலையிலேயே சேர்த்தி.

ஊதுவத்தி

எங்கள் ஊர்க் கொல்லைப்புறங்கள் சின்னவை. ஒரு கைப்பம்பு, ஒரு துவைக்கிற கல், துணிக்கொடி, முருங்கை மரம், பக்கத்து வீட்டுக்காரரின் கீற்றுப் படல். இத்தனைக்கும் நடுவில்தான் நெருப்பை வைக்க வேண்டும். காற்றும் சும்மா இருக்காது. காலையில் கரையிலிருந்து கடலுக்குப் போகும், மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து திரும்பி வந்து நேராக வீட்டுக்குள் நுழையும். இடம் தெரியாமல் அடுப்பை வைத்தால் புகை சமைக்கிறவர் கண்ணுக்கும் பொறி படலுக்கும் போகும், பழி மட்டும் கடைக்காரனுக்கு வரும். அதனால் கொல்லையைப் பார்க்காமல் அடுப்பு விற்பதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தேன். பின்வாசல் வழியாகப் போய், ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி மூலை மூலையாகப் பிடித்துப் பார்ப்பேன். புகை சாய்கிற பக்கத்தை வைத்து இடத்தையும் அடுப்பின் அளவையும் சொல்வேன்.

பெருமுக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு டீச்சர் அடுப்பு கேட்டிருந்தார். அவர் கொல்லையில் நான் ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு முதல் மூலையில் நின்ற நேரத்தில் அந்த அம்மாள் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றுவிட்டார். உள்ளேயிருந்து வந்த அவர் கணவரும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். நடுவில் நிறுத்தி விளக்கம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாலு மூலையும் பக்தியோடு சுற்றி முடித்து, கைப்பம்புக்குப் பக்கத்தில் அடுப்பை வைக்கலாம் என்றேன்.

டீச்சர் கண்ணைத் திறந்து கேட்டார்: "ரொம்ப சந்தோஷங்க. தேங்கா ஒடைக்கிறது நீங்களா, நாங்களா?"

கைப்பிடி

உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. சட்டைப் பையில் வைத்த சாவிகூட ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடிக்கும். அதனால் ஒவ்வொரு அடுப்பையும் கொடுக்கும்போது ஏழுமலை ஒரு பாட்டுப் பாடுவான். சாம்பலை உள்ளேயே விடாதீங்க, அது ஈரத்தை இழுக்கும், தகரத்தைத் தின்னும். சாயங்காலம் அடுப்பைத் தட்டிக் கொட்டி, கூரைக்கு அடியில் எடுத்து வையுங்க. எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். ஆட்டின தலை வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் மறந்துவிடும்.

உப்பளத்தில் மேஸ்திரி ஒருவர் எங்களிடம் நல்ல கனமான அடுப்பு ஒன்றை வாங்கிப் போனார். மறு வருஷம் வெயில் தொடங்கின சமயத்தில் கடை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரே ஒரு இரும்புக் கைப்பிடி. மீதி அடுப்பு எங்கே என்றேன். தூக்கினேன், இது மட்டும் கையோடு வந்தது என்றார். மழைக்காலம் முழுக்க அடுப்பு எங்கே இருந்தது என்று ஏழுமலை கேட்டான். முருங்கை மரத்தடியில், சாம்பலோடு என்று கூசாமல் சொன்னார். ஏழுமலைக்கு முகம் சிவந்துவிட்டது. அவன் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி கைப்பிடியை அவன் கையில் வைத்தார்.

"கைப்பிடி இன்னும் கல்லு மாதிரி இருக்குதுப்பா. வீணாப் போவ வேணாம். இதுக்குப் பொருத்தமா கீழ ஒரு அடுப்பு வெச்சிக் குடு."

நூர்ஜஹானின் கொல்லை

நூர்ஜஹான் என் கடைக்கு வந்தது மழைக்காலம் தொடங்குகிற சமயம். பக்கத்துத் தையற்கடைக்கு வந்தவள், தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் கடைப்படி ஏறினாள். கல்யாணமான இரண்டாம் மாதமே அவள் கணவன் ரஹீம் சவுதிக்குப் போய்விட்டான். மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் லீவில் வருகிறான். கடைசியாகப் பேசி அனுப்பின கேசட்டில், வெள்ளிக்கிழமை லீவு நாளில் ரூமுக்கு வெளியே கரியைக் கொட்டிக் கோழி சுட்டுத் தின்பதைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கப் பேசியிருந்தானாம்.

"அவருக்கு அது மாதிரி சுட்டுக் குடுக்கணும்ண்ணே. நானே செஞ்சு குடுக்கணும்" என்றாள். அந்த 'நானே'வைச் சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள். விஷயம் இதுதான். அந்த வீட்டுக் குசினி மாமியார் சுபைதாம்மாவுடையது. சுபைதாம்மா பொல்லாதவர் இல்லை. கணவர் இறந்துபோனபிறகு பலகாரம் சுட்டு விற்று, அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்தே ஒரே மகனை ஆளாக்கினவர். மருமகள் எழுந்து முகம் கழுவுவதற்குள் சோறு வடித்து, குழம்பு இறக்கி, அடுப்பையும் துடைத்து வைத்திருப்பார். நூர்ஜஹான் கரண்டியைத் தொட்டால், "நீ போயி ஒக்காரு புள்ள" என்பார். இப்படியே மூன்று வருஷம் உட்கார்ந்துவிட்டாள். புருஷனுக்கு ஒரு வேளைச் சோறுகூடத் தன் கையால் ஆக்கிப் போட்டதில்லை. இதைக் கேட்டபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுப்புக் கடையில் வந்து அழுதவர்கள் யாரும் அதற்கு முன் இல்லை, விலையைக் கேட்டு அழுதவர்களைத் தவிர.

சுபைதாம்மா கிளியனூருக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போன ஒரு நாள் பார்த்து, பின்வாசல் வழியாகப் போய்க் கொல்லையைப் பார்த்தேன். நான் பார்த்ததிலேயே சின்னக் கொல்லை அதுதான். இருந்த நல்ல மூலையைப் பெரிய கோழிக்கூண்டு ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. ஊதுவத்தியோடு நான் மூலைக்கு மூலை திரும்பினபோது முழங்கை இரண்டும் இரண்டு சுவரில் இடித்தன. கைப்பம்புக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே ஒரே ஒரு இடம் தேறியது. அதற்கு எங்களிடம் இருந்த அடுப்புகளிலேயே சின்னதுதான் பொருந்தும். ஏழுமலை அதற்கு 'ஒரு கோழி அடுப்பு' என்று பேர் வைத்திருந்தான். நூர்ஜஹான் சந்தோஷமாகச் சம்மதித்தாள். கோழியில் மசாலா தடவி ஊற வைக்க ஒரு அலுமினியச் சட்டி, கரி எடுக்க இடுக்கி, ஒரு விசிறி எல்லாம் சேர்த்துக் கேட்டாள். எங்கள் பக்கத்தில், அடுப்பு இருக்கிற வீட்டுக்குள் மருமகளுக்கென்று இன்னொரு புது அடுப்பும் சட்டியும் நுழைந்தால் குடும்பம் இரண்டாகிறது என்று அர்த்தம். பாகம் பிரிப்பது, தனி வாசல் வைப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான். அது அவளுக்கும் தெரியும்.

"பின்பக்கமா கொண்டாந்துடுங்கண்ணே, அவரு வர்ற வரைக்கும் மறைச்சு வெச்சுக்கிறேன். மாமி பார்த்தா நான் தனியாப் போறேன்னு நெனச்சுடுவாங்க. அப்புறம் அவரு வந்துதான் இன்னாத்துக்கு?"

குடை

ஏழுமலை அந்தச் சின்ன அடுப்புக்கு மண் பூசிக் காயவைத்த நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை, எங்களுக்கும் வியாபாரம் இல்லை. வருகிற ஒருவர் இருவரும் விவகாரமானவர்களாகவே வருவார்கள்.

எக்கியார்குப்பத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அடுப்பைத் தேர்ந்தெடுத்தாயிற்று, சைக்கிளில் கட்டியும் ஆயிற்று. அந்த ஆள் போகிற போக்கில், ராத்திரிக் குளிருக்கு இதை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் கதகதப்பாக இருக்கும் என்றார். ஏழுமலை வந்து கட்டின கயிற்றை அவிழ்த்து அடுப்பைக் கடைக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நானும் வியாபாரத்தை மறந்துவிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். கனிந்த கரி நெருப்பில் புகை இருக்காது, வாசனை இருக்காது. மூடின வீட்டுக்குள் அது மூச்சைக் குடித்துவிடும், தூங்கினவர் தூங்கினபடியே போய்விடுவார். கொல்லையில்தான் வைப்பேன் என்று சொன்னால் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் இல்லை. இந்தப் பிடிவாதத்தால் போன வியாபாரம் உண்டு, அதில் எனக்கு வருத்தமே கிடையாது.

அந்த ஆள் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "வெளிய வெச்சா மழையில அடுப்பு நனையுமேப்பா, அதுக்கு இன்னா பண்றது?" என்று கேட்டார். பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன், அவர் பெண்சாதி முந்திக்கொண்டாள்.

"நீ போயி கொட புடி. நெருப்பு அணையாம இருந்தா எனக்குப் போதும்."

முன்வாசல்

நூர்ஜஹானின் அடுப்பு காய்ந்து தயாரானது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு வாய்த்தது ஒரு வெள்ளிக்கிழமை. அந்த நேரத்தில் சுபைதாம்மா பக்கத்து வீட்டில் குரான் ஓதப் போயிருப்பார் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். சைக்கிள் கேரியரில் அடுப்பு, அதன் தலைமேல் புதுச் சட்டி, சட்டிக்குள் இடுக்கி, விசிறி. எல்லாவற்றையும் ரப்பர் டியூபால் இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பின்சந்தில் திரும்பினால், சந்தைக் காணோம். நேற்றைய மழை முழுக்க அங்கே நின்றது. முட்டியளவு தண்ணீரில் ஒரு எருமை மட்டும் நிம்மதியாகப் படுத்திருந்தது. சைக்கிளை அதில் இறக்கினால் மண் பூசின அடுப்பு கரைந்துவிடும். சரி, முன்தெரு வழியாகப் போய் ஒரு நிமிஷத்தில் உள்ளே தள்ளிவிட்டு வந்துவிடலாம் என்று திரும்பினேன்.

நான் முன்தெருவில் நுழைந்ததும் பள்ளிவாசலில் ஜும்மா தொழுகை முடிந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. தெரு முழுக்க ஆட்கள். வெள்ளைத் தொப்பிகளுக்கு நடுவே நானும் புது அடுப்பும் புதுச் சட்டியும் ஊர்வலம் போனோம். சட்டிக்குள் இடுக்கி ஆடி ஆடி மணி அடித்துக்கொண்டே வந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எந்த வீட்டில் நிற்கிறேன் என்று பார்த்தார்கள். பதற்றத்தில் நான் வாசலில் நின்று, உரக்க வேறு கூப்பிட்டுத் தொலைத்தேன்: "நூர்ஜஹானம்மா, உங்க அடுப்பு வந்துட்டுது!"

கதவைத் திறந்தவர் சுபைதாம்மா. மழை ஈரத்துக்குக் கால்வலி என்று அன்றைக்கு அவர் ஓதப் போகவில்லை. அவருக்குப் பின்னால் நூர்ஜஹான் வெளுத்துப்போய் நின்றாள். தெருவில் ஒருவர் இன்னொருவரிடம், "பையன் வர்றதுக்குள்ளவே பிரிஞ்சுட்டாங்களா?" என்று கேட்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. சுபைதாம்மா அடுப்பைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"எறக்கி வையி தம்பி. தெருவே பார்த்துடுச்சு, நான் மட்டும் பாக்காம இருந்தா நல்லாருக்குமா?"

சாக்குப் பை

சுபைதாம்மா அந்த அடுப்பைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டார். கொல்லைக்கும் போகவில்லை, குசினிக்கும் போகவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். சமையல் வழக்கம்போல நடந்தது. மருமகளுக்குச் சோறு போட்டார், பேச்சு மட்டும் போடவில்லை. நூர்ஜஹான் சொல்ல வந்ததையும் கேட்கவில்லை. தையற்கடைக்காரர் மூலமாக இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது. ரஹீம் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வேளை சமைத்துப் போட ஆசைப்பட்டதற்கு, வருகிறவன் இரண்டாகிப்போன வீட்டில்தான் காலை வைக்கப்போகிறானா என்று தினமும் தையற்கடைக்குப் போய் விசாரித்தேன்.

கடையில் ஈ ஓட்டினோம். ஊருக்குள் பேச்சு வேறு விதமாகப் பரவியிருந்தது. விசாரிக்க வருகிறவர்கள், களிமண் எந்த ஏரி மண், கம்பி எவ்வளவு கனம் என்றெல்லாம் கேட்பதை விட்டுவிட்டு, "ஒங்க அடுப்பு உள்ள வந்தா ஆளு வெளிய போவுதாமே?" என்று கேட்டார்கள். வாங்கின ஒரே ஒருவரும் அடுப்பைச் சாக்குப் பையில் போட்டுக் கட்டித் தரச் சொன்னார். வாயைத் தைத்துத் தரவும் சொன்னார். அம்மா கேட்டால் கோழித்தீவனம் என்று சொல்லிக்கொள்வாராம். தீவனத்துக்குக் கால் மூன்று இருக்குமா என்று நான் கேட்கவில்லை, தைத்துக் கொடுத்தேன்.

அவர் போனதும் ஏழுமலை மண் குழைத்த கையோடு வந்து நின்றான். "மாமா, பேசாம போர்டுல 'குடும்பம் பிரித்துத் தரப்படும்'னு எழுதிப்புடலாம். அதுக்காவது நாலு பேரு வருவான்."

சுபைதாம்மாவின் கணக்கு

மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த ஒரு நாள், சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று கடை முன்னால் வந்து நின்றது. உள்ளே சுபைதாம்மா, மடியில் அந்த 'ஒரு கோழி அடுப்பு'. முன்தெரு வழியாக, வீட்டுக்கு வீடு ரிக்‌ஷாவை நிறுத்தி, அடுப்பைத் திருப்பித் தரப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்திருந்தார். கேட்டவர்களெல்லாம் வீடு பிரியவில்லை என்று நிம்மதியாகப் படுத்திருப்பார்கள். எனக்கு அந்த நிம்மதி இல்லை. அடுப்பு திரும்பி வந்துவிட்டால் நூர்ஜஹானின் ஆசை அவ்வளவுதான். அந்த அம்மாள் இனிமேல் வாங்காதே என்று ஒரு வார்த்தை சொன்னால் தெரு முழுக்க எனக்குக் கதவு சாத்திவிடும்.

சுபைதாம்மா அடுப்பை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழுமலை தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்பா, இதுல எத்தினி கோழி வெக்கலாம்?"

"ஒன்னும்மா."

"எங்க வீட்ல எத்தினி பேரு?"

"நீங்க, மருமக, மகன் வந்தா அவரு. மூனு பேரு."

"மூனு பேருக்கு ஒரு கோழி பத்துமா?"

நான் இரண்டு கையையும் குறுக்கிக் காட்டினேன். "எடம் ரொம்பச் சின்னதும்மா. அதுக்குத் தோதாத்தான்…"

"எடத்த அளந்த. ஆள அளந்தியா?"

ஏழுமலை மெல்லக் கடையின் பின்பக்கம் நழுவினான். சுபைதாம்மா பேசிக்கொண்டே போனார். "அந்தக் கேசட்ட நானும் அவ பக்கத்துல குந்திதான் கேட்டேன். கோழி சுடத்தான் வாங்கியிருக்கான்னு அடுப்பப் பார்த்தப்பவே தெரிஞ்சுது. அவ ஆசப்பட்டதுல தப்பில்ல, மூனு வருஷமா நான்தான் அவளக் கரண்டியத் தொட வுடல. ஆனா இந்த அடுப்பப் பார்த்தா, ரெண்டு பேரு எதிர எதிர குந்தித் தின்ற அடுப்பா இருக்குது. மூனாவது ஆளு எங்க குந்துவா?" கடைசிக் கேள்வியில் அவர் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் பேசாமல் இருந்தது எதனால் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஊதுவத்தியை எத்தனை மூலையில் பிடித்தாலும் இது தெரிந்திருக்காது.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், கடையில் இருந்ததிலேயே பெரிய அடுப்பைக் காலால் தட்டிக் காட்டினார். மூன்று கோழி தாராளமாகப் படுக்கும். இந்தச் சின்னதை முன்வாசலில் கொண்டுவந்ததை எல்லோரும் பார்த்தாயிற்று, இந்தப் பெரியதைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவா என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, இருந்தாலும் தொழில் புத்தி விடவில்லை. அது அந்தக் கொல்லையில் எங்கேயம்மா நிற்கும், நல்ல மூலையில் கோழிக்கூண்டு இருக்கிறதே என்று கேட்டேன்.

"கூண்ட எடுத்துடுறேன். அதுல இருக்கறதெல்லாம் அடுப்புக்குத்தானே போவப் போவுது, அப்புறம் அதுக்கு எதுக்குத் தனியா ஒரு வீடு?"

முதல் நெருப்பு

ரஹீம் வந்த மறுநாள் மத்தியானம் எனக்கு ஆள் வந்தது. அடுப்பைப் பற்ற வைத்தால் புகை உள்ளே போகிறதாம். சந்தில் தண்ணீர் வடிந்திருந்தது. பின்வாசல் வழியாக, ஊதுவத்தியோடு போனேன். கூண்டு இருந்த மூலையில் பெரிய அடுப்பு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. காற்று வாங்குகிற அதன் வாயை யாரோ கடல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கொஞ்சம் சுற்றி வைத்தேன், புகை அடங்கி, கரி பொன்னாகக் கனிந்தது. கோழிகளைக் கம்பிமேல் வைத்துவிட்டு நூர்ஜஹான் இடுக்கியும் விசிறியுமாக முன்னால் குந்தியிருந்தாள். நெற்றியில் கரி, கண்ணில் தண்ணீர், முகம் முழுக்கச் சிரிப்பு. சுபைதாம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். கோழியைத் திருப்பச் சொல்லி அவர் வாய் எத்தனையோ தடவை திறந்து மூடியது. கை மட்டும் மடியை விட்டு வரவே இல்லை. அது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

அப்போது ரஹீம் கைலியும் பனியனுமாகக் கொல்லைக்கு வந்தான். கோழியைப் பார்த்ததும் அவன் முகம் தொங்கிவிட்டது. "அய்யோ, இதா? சவுதியில வாரா வாரம் வேற வழியில்லாம இதத்தாம்மா தின்னேன். ரூம்ல ஒருத்தனுக்கும் வேற சமைக்கத் தெரியாது. ஒன் கையால மீன் கொழம்பு சாப்புடணும்னு நெனச்சுக்கினே பிளேன் ஏறினேன்" என்று அம்மாவிடம் சொன்னான். பாவம், மனதில் பட்டதைச் சொன்னான். நூர்ஜஹானின் கையில் விசிறி அப்படியே நின்றுவிட்டது. நான் அடுப்பின் காலைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். மூன்று வருஷம் காத்திருந்த ஆசை ஒரு வார்த்தையில் அணைந்துவிட்டதே என்று இருந்தது. மகன் தன் சமையலைக் கேட்டால் எந்த அம்மாவுக்குத்தான் உள்ளே குளிராது? சுபைதாம்மா எழுந்து குசினிக்குப் போகப் போகிறார் என்றே நினைத்தேன்.

சுபைதாம்மா எழுந்தார். குசினிக்குப் போகவில்லை. மருமகளுக்குப் பக்கத்தில் வந்து, கூண்டை எடுத்ததில் மிஞ்சின இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். எதிரில் இருந்த மூன்றாவது இடத்தை மகனுக்குக் கையால் தட்டிக் காட்டினார்.

"மீனு கடல்லதான் இருக்குது, எங்கியும் ஓடிடாது. இன்னிக்கு எம் மருமவ அடுப்பு. குந்தித் தின்னுடா."

அவன் குந்தினான், தின்றான், இரண்டாவது கோழிக்கும் கை நீட்டினான். திரும்பி வந்த ஒரு கோழி அடுப்பை மட்டும் ஊரில் யாரும் வாங்க மாட்டேன் என்றதால் அது கடைசியில் என் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது, அதையும் பின்வாசல் வழியாகத்தான் கொண்டுபோனேன், எங்கள் வீட்டிலும் என் மனைவிக்கு ஒரு மாமியார் இருக்கிறார்.